கார் கம்பெனியில் பர்ச்சேஸ் நாற்காலி: இரண்டு கடிகாரங்களின் கதை

ஒரு காரைக் கடைசி நட்டு போல்ட் வரை பிரித்துப் போட்டால் சுமார் 30,000 பாகங்கள் வரும். அதில் பெரும்பகுதியைக் கார் கம்பெனி தானே செய்வதில்லை. சீட் ஒருத்தர், ஹெட்லைட் ஒருத்தர், பிரேக் ஒருத்தர் என்று வெளியிலிருந்து வாங்கி, வண்டியாகக் கோர்க்கிறார்கள். ஒரு காரின் செலவில் பாதிக்கும் மேல் இப்படி வெளியில் போகிற பணம். அந்தப் பணத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவர்தான் பர்ச்சேஸ் தலைவர்.

ஆனாலும் நாம் யாரைப் பற்றிப் படிக்கிறோம்? டிசைனரைப் பற்றி, சி.இ.ஓ.வைப் பற்றி. மிஞ்சிப்போனால் இன்ஜின் செய்த இன்ஜினியரைப் பற்றி. பர்ச்சேஸ் ஆட்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கொஞ்ச நாளாக இவர்களுடைய வேலை வாழ்க்கையைத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் கிடைத்த ஒரு விஷயத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.

விஷயம் இதுதான். பர்ச்சேஸ்காரர் கையில் ஒரு கடிகாரம், இன்ஜினியர் கையில் வேறொரு கடிகாரம். பர்ச்சேஸ்காரர் இன்று விலையைக் குறைத்தால் அது இந்த வருஷக் கணக்கிலேயே லாபமாகத் தெரியும். இன்ஜினியர் வரைந்த பாகம் நல்லதா கெட்டதா என்று தெரிய, வண்டி ரோட்டுக்கு வந்து நாலைந்து வருஷம் ஆகணும். அதற்குள் முதல் ஆள் பதவி உயர்வு வாங்கிப் போய்விடுவார். இந்த இடைவெளியைக் கம்பெனிகள் எப்படிக் கையாண்டன என்பதற்கு அமெரிக்காவிலேயே நல்ல உதாரணங்கள் இருக்கின்றன.

லோபஸ்: பத்து மாசப் புயல்

ஹோசே இக்னாசியோ லோபஸ் தெ அர்ரியோர்துவா. 1941ல் ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் பிறந்தவர், படிப்பால் இன்ஜினியர். 1980ல் ஜெனரல் மோட்டார்ஸின் ஸ்பெயின் கிளையில் சேர்ந்து, பிறகு ஜெர்மனியில் ஓப்பல், ஜி.எம். ஐரோப்பா என்று பர்ச்சேஸில் மேலே வந்தார்.

1991ல் ஜி.எம். சுமார் 445 கோடி டாலர் நஷ்டம். 1992 ஏப்ரலில் ஜாக் ஸ்மித் தலைவர் பொறுப்புக்கு வந்தார். ஐரோப்பாவில் லோபஸின் வேலையைப் பார்த்திருந்தவர், அவரை டெட்ராய்ட்டுக்குக் கூட்டிவந்து உலக அளவிலான பர்ச்சேஸைக் கையில் கொடுத்தார்.

லோபஸ் செய்தது எளிமையானது, கொடூரமானதும்கூட. ஏற்கெனவே போட்ட ஒப்பந்தங்களைக் கிழித்தார். எல்லாப் பாகத்துக்கும் மறுபடி விலை கேட்டார். வந்த விலையை வைத்து இன்னொரு சுற்று, அப்புறம் இன்னொரு சுற்று. இரட்டை இலக்க சதவீதத்தில் குறைக்கச் சொன்னார். ஒரு சப்ளையரின் டிசைனை இன்னொருவரிடம் காட்டி விலை கேட்டார்கள் என்று புகார்கள் கிளம்பின. தன் ஆட்களை ‘போர்வீரர்கள்’ என்று அழைத்தார். என்ன சாப்பிடணும் என்று அவர்களுக்கு ஒரு கையேடு வேறு. ஜி.எம். சாதனை லாபம் காட்டும்வரை வாட்ச்சை வலது கையில்தான் கட்டணும்னு ஒரு வழக்கமும் வைத்தார்.

மிச்சமான தொகை சுமார் 400 கோடி டாலர் என்று அப்போது பரவலாகச் சொன்னார்கள். மூழ்கிக்கொண்டிருந்த கம்பெனிக்கு அது உயிர்க்காற்று. அதை மறுக்க முடியாது.

அடுத்து நடந்தது சினிமா மாதிரி. 1993 மார்ச்சில் ஃபோக்ஸ்வாகன் அவரை இழுத்தது. ஜி.எம். தன் பங்குக்கு வட அமெரிக்கத் தலைவர் பதவியையே தருவதாகச் சொல்லி, பத்திரிகையாளர்களைக் கூட்டியது. ஜாக் ஸ்மித் மேடையில் நிற்கிறார், லோபஸைக் காணோம். அவர் ஜெர்மனிக்குக் கிளம்பிவிட்டார். ஜி.எம்.மின் ரகசிய ஆவணங்களையும் எடுத்துப்போனதாக வழக்கு வந்தது. 1996 நவம்பரில் அவர் ஃபோக்ஸ்வாகனிலிருந்து விலகினார். 1997 ஜனவரியில் சமரசம்: ஃபோக்ஸ்வாகன் 10 கோடி டாலர் ரொக்கம் தரணும், ஏழு வருஷத்தில் 100 கோடி டாலருக்கு ஜி.எம்.மிடம் பாகங்கள் வாங்கணும். அமெரிக்கா 2000ல் அவர்மேல் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. ஸ்பெயின் நீதிமன்றம் அவரை ஒப்படைக்க மறுத்துவிட்டது.

எல்லோரும் இந்தத் திருட்டு வழக்கைத்தான் பேசுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. டெட்ராய்ட் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தது ஒரு வருஷம்கூட இல்லை. அவர் பேசி முடித்த விலையில் செய்த பாகங்கள் ரோட்டில் ஓடி, தேய்ந்து, உடையும் வரை அவர் அங்கே இருக்கவில்லை. ஜெர்மனியில் ‘லோபஸ் விளைவு’ என்றே ஒரு சொல் புழக்கத்துக்கு வந்தது. சப்ளையரை விலையில் நெருக்கினால் தரம் விழும் என்பது அதன் பொருள்.

ஏன் தரம் விழுகிறது?

ஒரு பாகத்தின் விலையில் என்னென்ன இருக்கு? மூலப்பொருள், கூலி, மெஷின் நேரம், டூலிங், பரிசோதனை, சப்ளையரின் லாபம். இதில் 15 சதவீதம் குறைக்கச் சொன்னால் அவர் எங்கே கை வைப்பார்? இரும்பின் சந்தை விலை அவர் கையில் இல்லை. முதலில் லாபம் போகும். அடுத்து பரிசோதனை, நல்ல மெட்டீரியல், புது மெஷின் வாங்கும் திட்டம்.

உண்மையில் குறைக்கக்கூடிய பெரிய செலவு வேறு இடத்தில் இருக்கிறது: இன்ஜினியர் வரைந்த டிராயிங்கில். தேவையில்லாத இடத்தில் நுணுக்கமான அளவு, ஒரே வேலைக்கு நாலு விதமான போல்ட், இருபது வருஷமாக யாரும் கேள்வி கேட்காமல் தொடரும் ஒரு பரிசோதனை. இது எல்லாம் சப்ளையருக்குத் தெரியும். ஆனால் டிராயிங்கை மாற்றும் அதிகாரம் அவருக்கும் இல்லை, பர்ச்சேஸ்காரருக்கும் இல்லை. அது இன்ஜினியரிடம். அந்த இன்ஜினியரோ வேறு கட்டடத்தில், வேறு பாஸுக்குக் கீழே.

நம்ம சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இது நல்லா புரியும். வெண்டரிடம் மணிநேரக் கட்டணத்தைக் குறைக்கப் பேரம் பேசுவோம். அந்த வெண்டர் எழுதும் கோடில் பாதி தேவையே இல்லைன்னு சொல்ல வேண்டியவர் பேரம் நடக்கும் அறையில் இருக்க மாட்டார்.

ஸ்டால்கேம்ப், காஸ்டேங்: ஒரே மாடியில் இருவர்

அதே காலம், அதே டெட்ராய்ட், வேறு கம்பெனி. கிரைஸ்லரில் பர்ச்சேஸ் தலைவர் தாமஸ் ஸ்டால்கேம்ப். 1980ல் ஃபோர்டிலிருந்து வந்தவர். இன்ஜினியரிங் தலைவர் ஃபிரான்ஸ்வா காஸ்டேங். இவர் பிரெஞ்சுக்காரர், ரெனோவின் ஃபார்முலா 1 அணியில் வேலை பார்த்தவர். ரெனோ பங்கு வைத்திருந்த அமெரிக்கன் மோட்டார்ஸுக்கு வந்து ஜீப் செரோக்கியில் வேலை செய்தார். 1987ல் கிரைஸ்லர் அந்தக் கம்பெனியை வாங்கியபோது கூடவே வந்தார்.

காஸ்டேங் செய்த காரியம் அபூர்வமானது. பதவிக்கு வந்த இன்ஜினியர் தன் துறையைப் பெரிதாக்கத்தான் பார்ப்பார். இவர் அதைக் கலைத்தார். இன்ஜின் துறை, பாடி துறை என்று தனித்தனியாக இருந்ததை உடைத்து, பெரிய கார், சின்ன கார், மினிவேன், ஜீப்பும் டிரக்கும் என்று வண்டி வாரியாகக் குழு போட்டார்கள். ஒவ்வொரு குழுவிலும் டிசைன், பர்ச்சேஸ், தொழிற்சாலை, கணக்கு என எல்லோரும் பக்கத்துப் பக்கத்து மேஜையில். 1991ல் ஆபர்ன் ஹில்ஸில் திறந்த தொழில்நுட்ப மையம் இதற்குத் தோதாக அமைந்தது.

அதற்குள் ஸ்டால்கேம்ப்பின் ஸ்கோர் திட்டமும் நடந்துகொண்டிருந்தது. சப்ளையரிடம் ‘விலையைக் குறை’ என்று சொல்வதற்குப் பதிலாக ‘செலவைக் குறைக்க யோசனை கொடு, எங்கள் டிராயிங்கில் தப்பு இருந்தாலும் சொல்லு’ என்றார்கள். கிரைஸ்லருக்கு விற்கும் தொகையில் வருஷத்துக்கு 5 சதவீதம் அளவுக்கு யோசனை வரணும் என்பது இலக்கு. மிச்சமாவதில் பாதியைச் சப்ளையரே வைத்துக்கொள்ளலாம். விட்டுக்கொடுத்தால் அவருடைய மதிப்பெண் ஏறும், அடுத்த ஆர்டருக்கு உதவும்.

1990களின் நடுவில் 5,300 யோசனைகள் வந்து, கிரைஸ்லருக்கு மட்டும் வருஷத்துக்கு 170 கோடி டாலர் மிச்சம். புது வண்டி உருவாக்கும் காலம் சராசரி 234 வாரத்திலிருந்து 160 வாரமாக இறங்கியது. லோபஸ் காட்டியதும் மிச்சம்தான், இதுவும் மிச்சம்தான். ஆனால் இங்கே சப்ளையர் அடுத்த வருஷமும் புது யோசனையோடு வந்தார். டெட்ராய்ட்டில் யாரிடம் புது டெக்னாலஜியை முதலில் காட்டுவோம் என்று அவர் முடிவெடுப்பதும் இதை வைத்துத்தானே.

சரி, நல்லவருக்கு நல்ல முடிவு கிடைத்ததா? ஸ்டால்கேம்ப் 1998 ஜனவரியில் கிரைஸ்லரின் பிரசிடென்ட் ஆனார். பர்ச்சேஸிலிருந்து அந்த உயரத்துக்குப் போவது லேசில்லை. அதே வருஷம் டைம்லரோடு இணைப்பு. 1999 செப்டம்பரில் அவரை வெளியே அனுப்பினார்கள். 2000 டிசம்பரில் புது நிர்வாகம் சப்ளையர்களுக்குத் தகவல் அனுப்பியது: ஜனவரி 1 முதல் விலையில் 5 சதவீதம் குறைப்பு, பிறகு இன்னும் 10 சதவீதம். பத்து வருஷமாகச் சேர்த்த நம்பிக்கை அந்த ஒரு உத்தரவோடு போச்சு. ஒரு ஆளோடு வந்த பழக்கம் அந்த ஆளோடவே கிளம்பிவிடும் என்பது இதில் எனக்குக் கிடைத்த கசப்பான பாடம்.

90 சென்ட்

விலைக்கணக்கு பர்ச்சேஸ் துறையோடு நின்றுவிடுவதில்லை. அது இன்ஜினியர் மண்டைக்குள்ளும் போய் உட்காரும். ஜி.எம்.மின் இக்னிஷன் சுவிட்ச் விவகாரம் அதற்குச் சாட்சி.

ஷெவர்லே கோபால்ட், சாட்டர்ன் அயான் போன்ற கார்களில் சாவித் துவாரத்து சுவிட்ச் தளர்வாக இருந்தது. ஓடும்போதே சாவி நழுவி இன்ஜின் அணையும், ஏர்பேக் விரியாது. 2005லேயே மாற்று டிசைன் பேசப்பட்டது. ஒரு சுவிட்ச்சுக்கு 90 சென்ட் கூடுதல், டூலிங்குக்கு 4 லட்சம் டாலர். வாரண்டியில் திரும்ப வருவது 10, 15 சென்ட்தான். கணக்கு கட்டுப்படியாகலைன்னு விட்டுவிட்டார்கள். பிறகு 2006ல் பாகத்தைச் சத்தமில்லாமல் மாற்றினார்கள், ஆனால் பாக எண்ணை மாற்றவில்லை. வெர்ஷன் நம்பரை ஏற்றாமல் கோடை மாற்றினால் பிழை தேடுகிறவர் கதி என்னாகும்? அதேதான் ஆனது. எந்த வண்டியில் எந்த சுவிட்ச் என்றே பல வருஷம் பிடிபடவில்லை.

2014ல் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். இழப்பீட்டு நிதி ஒப்புக்கொண்ட மரணங்கள் 124.

லோபஸ் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் கழித்து நடந்தது இது. அவரை இதற்குப் பொறுப்பாக்க முடியாது, அந்த முடிவை எடுத்தவர்களும் பர்ச்சேஸ்காரர்கள் இல்லை. ஆனால் விலையே எல்லாம் என்கிற மனநிலை கம்பெனிக்குள் ஊறியிருந்ததை ஜி.எம். நியமித்த விசாரணை அறிக்கையே குறிப்பிட்டது. உயிர் சம்பந்தப்பட்ட பிரச்சினையை ‘வாடிக்கையாளருக்கு அசௌகரியம்’ என்ற பெட்டியில் போட்டுவிட்டால், அப்புறம் 90 சென்ட்டும் பெரிசாகத்தான் தெரியும்.

ஒரே நாற்காலி

இந்தப் புயல் வந்தபோது சி.இ.ஓ. நாற்காலியில் மேரி பாரா உட்கார்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அவர் எலெக்ட்ரிகல் இன்ஜினியர், 1980ல் மாணவியாக இருக்கும்போதே ஜி.எம்.மில் சேர்ந்தவர். தொழிற்சாலை மேலாளர், மனிதவளத் தலைவர், 2011ல் புது வண்டிகள் உருவாக்கும் துறைத் தலைவர். 2013ல் அதோடு பர்ச்சேஸையும் சேர்த்து அவரிடமே கொடுத்தார்கள். அதாவது டிராயிங்கும் விலையும் ஒரே மேஜைக்கு வந்தன.

அந்தக் காலத்து ஜி.எம். பர்ச்சேஸ் தலைவர்களைப் பாருங்கள். கிரேஸ் லீப்ளைன், வண்டிக்குத் தலைமை இன்ஜினியராக இருந்து, மெக்சிகோ, பிரேசில் கிளைகளை நடத்திவிட்டு பர்ச்சேஸுக்கு வந்தவர். அவருக்குப் பின் வந்த ஸ்டீவ் கீஃபர், டெல்ஃபை என்ற சப்ளையர் கம்பெனியில் பல வருஷம் மேஜையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்துவிட்டு வந்த இன்ஜினியர். அடி வாங்கியவர் அடி கொடுக்கும் இடத்துக்கு வந்தால் கை கொஞ்சம் யோசிக்கும் என்ற நம்பிக்கை இதில் இருக்கலாம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். உலகம் முழுக்க விலை கேட்கும் வழக்கத்தால் கதவு திறந்ததும் உண்டு. சென்னையின் சுந்தரம் ஃபாஸனர்ஸ் 1990களில் ஜி.எம்.முக்கு ரேடியேட்டர் மூடி கொடுக்கத் தொடங்கி, சிறந்த சப்ளையர் விருதைப் பலமுறை வாங்கியது. எனவே கடுமையாக விலை கேட்பதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. அம்பத்தூரிலோ ஓசூரிலோ பார்ட்ஸ் கம்பெனி நடத்துகிற யாரைக் கேட்டாலும், வருஷா வருஷம் விலையைக் குறைக்கச் சொல்வது இந்தத் தொழிலின் இயல்பு என்றுதான் சொல்வார்கள். எந்தச் செலவு குறைகிறது, அதைச் சரிபார்க்க யார் உடனிருக்கிறார் என்பதில்தான் வித்தியாசம்.

அதனால் இனிமேல் ஒரு பெரிய அதிகாரியின் பயோடேட்டாவில் ‘இத்தனை கோடி மிச்சப்படுத்தினார்’ என்ற வரியைப் பார்த்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். அந்தப் பணம் டிராயிங்கிலிருந்து வந்ததா, சப்ளையரின் பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்ததா? அந்தப் பாகத்தின் வாரண்டி முடியும் நாளில் அவர் எந்தக் கம்பெனியில் இருந்தார்?