மலைக்காட்டுக் கனியும் கரடியின் நெடுந்துயிலும்

வில்பத்துக் காட்டில் பாலைப்பழம் பழுக்குங் காலத்தில் கரடி மரமேறிக் கனி தின்பதை நம்மிற் பலர் கேள்விப்பட்டிருப்போம். வலிய பல்லும் நகமும் படைத்த விலங்கொன்று சிறு கனிக்காக அலைவது வியப்பன்றோ? வட அமெரிக்காவின் மேற்குப் புறத்து மலைகளிலோ, அக்கனியே கரடியின் குலம் தழைப்பதற்குத் துணையாகின்றது.

அங்கு மலைச்சரிவுகளில் ‘ஹக்கிள்பெரி’ என்னும் குற்றுச்செடி வளர்கின்றது. பெரும்பாலும் மனிதனின் இடுப்பளவே உயரும். குளிர்காலத்தில் இலை உதிர்ந்து, பனிப்போர்வையின் கீழ் உறங்கும். இளவேனிலில் சிறு மணி போன்ற மலர்கள் தோன்றும். பருத்த உடலுடைய காட்டுத் தேனீக்கள் அவற்றில் மகரந்தம் சேர்க்கும். ஜூலை இறுதி முதல் செப்டெம்பர் வரை, கருநீலமும் கருஞ்சிவப்பும் கலந்த கனிகள் இலைக்கக்கங்களில் ஒவ்வொன்றாகப் பழுக்கும்.

இப்பருவத்திலேதான் ‘கிறிஸ்லி’ எனப்படும் கபிலநிறக் கரடி இடைவிடாது உண்ணத் தொடங்குகின்றது. வரப்போகும் பனிக்காலத்திலே அது மாதக்கணக்காக உணவும் நீருமின்றிக் குகையிற் கிடத்தல் வேண்டும். அதற்கு வேண்டிய கொழுப்பை இப்பொழுதே சேமித்தாக வேண்டும். பெண்கரடியின் நிலை இன்னும் நுட்பமானது. கோடையின் தொடக்கத்தில் அது கருவுற்றாலும், கரு உடனே வளர்வதில்லை. கருப்பையின் சுவரில் ஒட்டாது காத்திருக்கும். கார்த்திகை மாதமளவில், தாயின் உடலிற் போதிய கொழுப்பு இருந்தால் மட்டுமே கரு வேரூன்றும், இன்றேல் அழிந்துபோகும். கனி குறைந்த ஆண்டிலே குட்டியும் குறைதல் இதனாலாம்.

கரடி தான் உண்ட கடனையும் தீர்க்கின்றது. அதன் குடலினூடே சென்ற விதைகள் சிதையாது எச்சத்துடன் வெளிப்பட்டுப் புதிய நிலங்களைச் சேர்கின்றன. பறவைகளும் கருங்கரடியும் இப்பணியிற் பங்குகொள்கின்றன.

ஆனால், இச்செடிக்கு வெயில் வேண்டும். நெடுமரங்கள் மூடினால் செடி உயிர் வாழினும் காய்ப்பது அருகிவிடும். இதனை நன்கறிந்திருந்த அந்நாட்டுப் பழங்குடி மக்கள், கனி பறித்து முடிந்தபின் இலையுதிர் காலத்தில் நிலத்துக்குத் தீயிட்டு வந்தனர். மரக்கன்றுகள் கருகும், ஹக்கிள்பெரியோ நிலத்தடித் தண்டிலிருந்து மீண்டும் துளிர்க்கும். 1910ஆம் ஆண்டில் ஐடஹோ, மொன்ரானா மாநிலங்களை எரித்த பெருந்தீக்குப் பின்னர், காட்டுத்தீ யாவும் அணைக்கப்பட வேண்டும் என்னும் கொள்கை வலுப்பெற்றது. காடு காக்கப்பட்டது, கனிநிலங்களோ மெல்ல மெல்ல நிழலுள் மறைந்தன.

கனிக்காக மனிதரிடையேயும் பிணக்கு எழுந்தது. வொஷிங்டன் மாநிலத்து யாக்கமா மக்களுக்குக் கனி சேர்க்கும் உரிமையை 1855ஆம் ஆண்டு உடன்படிக்கை உறுதி செய்திருந்தது. பொருளாதார மந்த காலத்தில் வேலையற்ற மக்கள் திரளாக மலையேறவே, 1932இல் யாக்கமா தலைவர் வில்லியம் யாலப்பும் வன அதிகாரியும் கைகுலுக்கி ஓர் இணக்கம் கண்டனர். கனிநிலத்தின் ஒரு பகுதி பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்டது. இன்று கிஃபோட் பிஞ்சோ என்னும் பெயர் தாங்கும் அவ்வனத்தில், வணிகத்துக்காகக் கனி பறிப்பது 2025ஆம் ஆண்டுப் பருவத்தில் நிறுத்தி வைக்கப்பட்டது.

இச்செடியைத் தோட்டப் பயிராக்கும் முயற்சிகள் பெரும்பயன் தரவில்லை. விதையிலிருந்து முளைத்துக் காய்க்கப் பல்லாண்டுகள் செல்லும். ஆதலால், சந்தையில் விற்பனையாகும் கனியும் பெரும்பாலும் காட்டிலிருந்தே வருகின்றது. கனி பொய்த்த ஆண்டிலே பசித்த கரடி ஊர்ப்புறத்துப் பழமரங்களையும் குப்பைத் தொட்டிகளையும் நாடி வந்து, மனிதர் கையால் மடிவதுமுண்டு.

நேயர்களே, மனிதனுக்கு அது நாவின் சுவை. கரடிக்கோ பனிக்காலம் முழுவதற்குமான கட்டுச்சோறு. ஒரு கூடை நிரப்புவோர், புதரில் ஒரு பங்கை விட்டுவருதல் அறமன்றோ?