எழுத்துக்கு வண்ணம் பூசும் எண்கள்

லினக்ஸ் கணிப்பொறியில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரைக்கு டெர்மினல் என்று பெயர். அதில் தோன்றும் எழுத்துகளை வானவில் போல மாற்றிக் காட்டும் சிறு நிரல் ஒன்று உண்டு. அதன் பெயர் லோல்கேட்.

உபுண்டு, டெபியன் ஆகிய லினக்ஸ் வகைகளில் இதை நிறுவ நான்கு சொற்கள் போதும்: சூடோ, ஆப்ட், இன்ஸ்டால், லோல்கேட். இவற்றைச் சிறிய ஆங்கில எழுத்துகளில், இடைவெளி விட்டு, ஒரே வரியில் தட்டச்சு செய்ய வேண்டும். ‘சூடோ’ நிர்வாகியின் உரிமையைத் தருகிறது; ஆகவே கடவுச்சொல் கேட்கும். ‘ஆப்ட்’ நிரலை இணையத்திலுள்ள களஞ்சியத்திலிருந்து கொண்டுவருகிறது.

கோப்புகளின் பெயர்களைப் பட்டியலிடும் கட்டளை எல், எஸ் என்னும் இரண்டே எழுத்துகள். அவற்றை அடுத்து ஒரு செங்குத்துக் கோடு; அதன்பின் லோல்கேட். அந்தக் கோடு ஒரு குழாய் போன்றது. முதல் நிரல் தரும் எழுத்துகள் அதன் வழியே இரண்டாம் நிரலுக்குச் செல்கின்றன. பட்டியல் பல வண்ணங்களில் மின்னும்!

இவ்வண்ணங்கள் எங்கிருந்து வந்தன? லோல்கேட் அனுப்புபவை வெறும் குறியீடுகளே. 27 என்ற எண்ணுக்குரிய, கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் ஒரு சதுர அடைப்புக்குறியும் வந்தால், அடுத்து வருவது கட்டளை என்று டெர்மினல் புரிந்துகொள்ளும். 31 என்றால் சிவப்பு. 32 என்றால் பச்சை. 0 என்றால் பழைய நிலை. இன்றைய டெர்மினல்கள் பலவற்றில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை அளவு சொல்லலாம். இவ்வாறு 1,67,77,216 வண்ணங்கள் கிடைக்கின்றன.

இந்த அளவுகளை லோல்கேட் நீங்கள் படிக்கும் முக்கோணவியலைக் கொண்டே கணக்கிடுகிறது. ஒரு கோணத்தின் சைன் மதிப்பை 127ஆல் பெருக்கி 128ஐக் கூட்டினால் சிவப்பின் அளவு. அக்கோணத்துடன் 120 பாகை சேர்த்தால் பச்சை. 240 பாகை சேர்த்தால் நீலம். கோணம் 90 பாகை எனில் சிவப்பு 255. மற்ற இரண்டும் 64.5. எழுத்துக்கு எழுத்து கோணம் சிறிது வளர, வண்ணமும் மெல்ல மாறுகிறது.

மூன்று அளவுகளையும் கூட்டிப் பாருங்கள்: 384. வேறெந்தக் கோணத்துக்கும் இதே விடைதான் வரும். ஆகவே மூன்று நிறங்களும் ஒருசேர மங்கி, எழுத்து இருளில் மறைவதே இல்லை. ஏன் என்பதை உங்கள் கணக்கு நோட்டில் நிறுவிப் பாருங்களேன்!