இரண்டு கிலோவில் ஒரு முழு நாய்

திருமங்கலத்திலிருந்து டி. கல்லுப்பட்டி வழியாகத் தெற்கே இறங்கும் சாலை கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர் கடந்து ராஜபாளையம் போகிறது. அந்த ஊர்ப் பெயர் கொண்ட வெள்ளை வேட்டைநாய்க்கு 2005-இல் அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. தோள் உயரம் 65 செ.மீ.க்கு மேல், எடை 25 கிலோ போல இருக்கும். அப்படிப்பட்ட நாய் வளர்ந்த சீமையின் வீடுகளுக்குத்தான் இப்போது கட்டைப் பையிலும் கூடையிலும் 2 கிலோ நாய்கள் வந்து இறங்குகின்றன. டாய் பொமரேனியன், சிவாவா, இல்லையென்றால் ஏதோ ஒரு கலப்பு. வந்த அன்றே கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்ளும். கூப்பிட்டால் வராது. தட்டில் வைத்ததைத் தொடாது. ராத்திரி முழுக்க அனத்தும். "பொம்மை மாதிரி இருந்துக்கிட்டு என்ன அடம் பாரு" என்பார் வீட்டுப் பெரியவர். அடமெல்லாம் இல்லை. அந்தச் சின்ன உடம்பின் கணக்கு வேறு, அவ்வளவுதான்.

இவ்வளவு சிறிதாக அது ஆனதே ஒரு விந்தை. நாயின் 15-ஆம் குரோமோசோமில் ஐஜிஎஃப்-1 என்றொரு மரபணு இருக்கிறது. உடம்பை வளரச் சொல்லி முடுக்கும் புரதம் ஒன்றை அது தயாரிக்கிறது. சிறிய இன நாய்கள் அனேகமாக எல்லாவற்றிலும் இந்தப் பகுதி ஒரே வடிவில் இருப்பதை 2007-இல் கண்டுபிடித்தார்கள். அந்த முடுக்கத்தைத் தணிக்கும் ஒற்றை டி.என்.ஏ. எழுத்து மாற்றம் எது என்பது 2022-இல்தான் பிடிபட்டது. அதைத் தேடிப் பழைய எலும்புகளை அலசியபோது, 54,000 ஆண்டுகளுக்கு முன் சைபீரியாவில் வாழ்ந்த ஓநாயிடமே அந்த எழுத்து இருந்தது! நாய் என்ற விலங்கே உருவாகாத காலம் அது. குட்டை நாயை மனிதன் கண்டுபிடிக்கவில்லை. ஓநாயின் பெட்டியில் ஏற்கெனவே கிடந்ததை எடுத்துப் பெருக்கினான்.

உடம்பு சுருங்கியது. ஆனால் அடுப்பு அதே விகிதத்தில் சுருங்கவில்லை. பாலூட்டிகள் சும்மா படுத்திருக்கவே எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பதற்குக் கால்நடை மருத்துவர்கள் ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள். அதன்படி 25 கிலோ ராஜபாளையத்துக்கு நாளுக்குச் சுமார் 783 கிலோ கலோரி. 2 கிலோ நாய்க்குச் சுமார் 118. எடையில் பன்னிரண்டரை மடங்கு வித்தியாசம், தேவையில் ஆறரை மடங்குதான். அதாவது கிலோவுக்குக் கிலோ பார்த்தால் குட்டி நாய் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு எரிக்கிறது. சிறிய உடம்புக்கு எடையோடு ஒப்பிடத் தோல் பரப்பு அதிகம், சூடு சீக்கிரம் கசிந்துவிடும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று.

இதில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. எரிப்பது அதிகம், சேமிப்பு குறைவு. கல்லீரலில் பதுக்கி வைத்த சர்க்கரை சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். புது வீட்டுப் பயத்தில் மூன்று மாதக் குட்டி ஒரு வேளை சாப்பிடாவிட்டால் தள்ளாடும், நடுங்கும், சில சமயம் வலிப்பே வரும். பெரிய நாய் ஒரு நாள் பட்டினியைத் தூசு மாதிரி தட்டிவிட்டுப் போகும். குட்டிக்கோ நாளைக்கு நான்கைந்து முறை கொஞ்சம் கொஞ்சமாக வைக்க வேண்டும். சுருண்டு விழுந்தால் ஈறில் துளி தேனைத் தடவிவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டியதுதான். மிச்சச் சாம்பாரை ஊற்றுவது மட்டும் வேண்டவே வேண்டாம். வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 15 கிராம் போனாலே சிக்கல் தொடங்கலாம். 2 கிலோ நாய்க்கு நாலைந்து சின்ன வெங்காயம் போதும்.

இனி, கட்டிலுக்கு அடியில் இருந்து பார்ப்போம். அங்கிருந்து நாம் எப்படித் தெரிவோம்? 60 கிலோ ஆள் அதைவிட முப்பது மடங்கு கனம். அதே விகிதத்தில் நம் முன்னால் ஏதாவது வந்து குனிந்தால் அதன் எடை 1,800 கிலோ இருக்கும். வளர்ந்துவரும் யானை ஒன்று தும்பிக்கையை நீட்டிக்கொண்டு "வாடா செல்லம்" என்று தூக்க வருவது போல. மேலே இருந்து இறங்கும் கை அதற்கு அப்படித்தான். ஆகவே முதல் பாடம் நமக்கு. தரையில் சம்மணம் போட்டுப் பக்கவாட்டில் திரும்பி உட்கார வேண்டும். கையை அதன் முகவாய்க்குக் கீழே வைத்துவிட்டு வேறெங்கோ பார்க்க வேண்டும். அது வரும். முதலில் வருவது மூக்கு.

அந்த மூக்கைப் பற்றித் தனியாகச் சொல்லத்தான் வேண்டும். மோப்பம் பிடிக்கையில் நொடிக்கு ஐந்து முறை போல உறிஞ்சும். உள்ளே போகும் காற்றில் ஒரு பங்கு மட்டும் மூச்சுப் பாதையிலிருந்து பிரிந்து, பின்னால் உள்ள மோப்ப அறைக்குப் போய்ச் சேருகிறது. வெளியேறும் காற்று மூக்கின் ஓரக் கீற்றுகள் வழியாகப் பக்கவாட்டில் பீய்ச்சப்படுகிறது. எதிரே வரும் புது வாசனையை அது கலைக்காது. டி. கல்லுப்பட்டி வீடு ஒன்றில் அந்த மூக்குக்குப் படிக்க எவ்வளவு இருக்கிறது! திண்ணையில் உலர்ந்த மிளகாய், வாசலில் நேற்று நின்ற மாடு, செருப்பில் ஒட்டி வந்த கரிசல் மண், எல்லாம் தனித்தனிச் சேதி. முதல் நாள் கொஞ்சுவதை நிறுத்திவைத்து, ஓர் அறையை மட்டும் திறந்துவிட்டு அதை மோந்து முடிக்க விடுவது நல்லது. மறுநாள் அடுத்த அறை.

மூத்திரச் சண்டைக்கும் இங்கேதான் விடை. குட்டியின் வயது எத்தனை மாதமோ அத்துடன் ஒன்று கூட்டினால் அது அடக்கக்கூடிய மணி நேரம் என்பது வளர்ப்பவர்களின் பொதுக் கணக்கு. டாய் இனத்துக்கு அதிலும் குறைத்துக்கொள்ள வேண்டும், மூத்திரப் பை சின்னது. தூங்கி எழுந்ததும், விளையாடி முடித்ததும், சாப்பிட்ட கால்மணி அரைமணிக்குள்ளும் வெளியே தூக்கிப் போனால் பாதி வேலை முடிந்தது. இரைப்பை நிரம்பியதும் பெருங்குடலை அசைக்கும் ஓர் அனிச்சைச் செயல் உண்டு, கைக்குழந்தை வளர்த்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம். வீட்டுக்குள்ளேயே போய்விட்டால் பினாயில் ஊற்றித் துடைக்கிறோம். நம் மூக்குக்குச் சுத்தம். நாய்க்கு அடியில் இருக்கும் பழைய வாசம் "இதுதான் இடம்" என்று இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கும். கழிவின் மூலக்கூறுகளையே சிதைக்கும் நொதி கலந்த திரவத்தால்தான் அது போகும்.

சரி, உட்காரச் சொல்லிக் கொடுப்பது எப்படி? பயிற்சி என்றால் குரலை உயர்த்துவது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது நேரம் பார்க்கும் கலை. மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களை 1990-களில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் ஆராய்ந்தார். பழச்சாறு கிடைத்ததும் அந்தச் செல்கள் துள்ளின. சாறுக்கு முன் ஒரு சைகை வரும் என்று பழகிய பிறகு, சாறுக்குத் துள்ளாமல் சைகைக்கே துள்ளின. நாய்ப் பயிற்சியின் சூட்சுமம் அதுவேதான். பின்புறம் தரையைத் தொட்ட அந்தக் கணத்தில் நாக்கால் ஒரு "டக்" ஒலி; அடுத்த நொடியில் தின்பண்டம். சில நாளில் "டக்" சத்தமே பரிசாகிவிடும். ஐந்து நொடி தாமதித்தால், அதற்குள் எழுந்து காதைச் சொறிந்த நாய்க்குச் சொறிந்ததற்குப் பரிசு.

பரிசின் அளவில் கவனம் வேண்டும். தின்பண்டம் அன்றாட ஆற்றலில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பார்கள். 2 கிலோ நாய்க்கு ஒரு மாரி பிஸ்கட்டிலேயே அந்த ஒதுக்கீடு தீர்ந்துவிடும். வேகவைத்த கோழியைப் பாதிப் பட்டாணி அளவுக்குக் கிள்ளி வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு சிக்கல் நம் வாயில் இருக்கிறது. தாத்தா "உக்காரு" என்கிறார், பேத்தி "சிட்" என்கிறாள், அம்மா "ஏய், கீழ இறங்கு" என்கிறார். மூவருக்கும் ஒரே நாய். புடாபெஸ்டில் நாய்களை அசையாமல் படுக்கப் பழக்கி, மூளையைப் படமெடுக்கும் கருவிக்குள் வைத்துப் பார்த்தார்கள். 2016-இல் வந்த அந்த ஆய்வில், பாராட்டுச் சொல்லும் பாராட்டுத் தொனியும் சேர்ந்து வந்தபோதுதான் மகிழ்ச்சிக்கான பகுதி கிளர்ந்தது. உணர்ச்சியில்லாமல் சொன்ன "சபாஷ்" பலிக்கவில்லை; குழைவாகச் சொன்ன வெற்றுச் சொல்லும் பலிக்கவில்லை. வார்த்தையை வீட்டார் கூடிப் பேசி முடிவு செய்துகொள்வது உத்தமம்.

குட்டி நாய்கள் குரைப்பதும் கடிப்பதும் அதிகம், சொன்ன பேச்சு கேட்காது என்ற பேச்சு உண்டு. வியன்னாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய் வளர்ப்போரிடம் கேட்டு 2010-இல் ஓர் ஆய்வு வெளியானது. பேச்சு முழுப் பொய் அல்ல. ஆனால் கூடவே வேறொன்றும் தெரிந்தது: குட்டி நாயின் சொந்தக்காரர்கள் அதற்குப் பயிற்சி தருவது குறைவு, ஒருநாள் போல ஒருநாள் நடந்துகொள்வதும் குறைவு. அடிக்கடி தண்டிக்கப்பட்ட நாய்களிடம் ஆவேசமும் பதற்றமும் கூடுதலாக இருந்தன. அந்தத் தொடர்பு சிறிய நாய்களிடம் இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. 25 கிலோ நாய் உறுமினால் ஊரே விலகும். 2 கிலோ நாய் உறுமினால் சிரித்துக்கொண்டே தூக்குகிறோம். உறுமல் எடுபடாது என்று தெரிந்துகொண்ட நாய்க்கு மிஞ்சுவது பல்தான். என்னைக் கேட்டால், முதலில் பயிற்சி தேவைப்படுவது சிரிப்பவர்களுக்கு.

கற்றதை நாய் தூக்கத்தில் கெட்டிப்படுத்திக்கொள்கிறது. இதையும் புடாபெஸ்ட் குழுதான் மூளை மின்னலைகளைப் பதிந்து காட்டியது. எனவே ஐந்து நிமிடப் பாடம், பிறகு உறக்கம். அரைமணி நேர அதட்டலைவிட இது பலன் தரும். பாசமும் அளக்கக்கூடியதுதான். நாயும் வளர்ப்பவரும் ஒருவரை ஒருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டால் இருவருக்குமே ஆக்சிடோசின் கூடுகிறது. தாய்க்கும் சேய்க்கும் இடையே வேலை செய்யும் அதே சுரப்பு. ஜப்பானியர் 2015-இல் இதைக் காட்டினார்கள். மனிதர் வளர்த்த ஓநாய்களிடம் அது நிகழவில்லை.

கழுத்துப் பட்டை இந்த இனங்களுக்கு ஆகாது. மூச்சுக்குழலைத் திறந்து வைத்திருக்கும் குருத்தெலும்பு வளையங்கள் இவற்றில் பலவற்றுக்கு மெலிவு. இழுத்தால் குழல் தட்டையாகி வாத்து கத்துவது போல இருமும். மார்பைச் சுற்றிய பட்டையே போதும். சித்திரை வெயிலில் நமக்கு முகத்தில் அடிக்கும் தார்ச்சாலை அனல், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மூக்கு உள்ள நாய்க்கு எப்படி இருக்கும்? புறங்கையைச் சாலையில் ஏழு நொடி வைக்க முடியவில்லை என்றால் நடைக்கு நேரமல்ல. காதையும் கவனிக்க வேண்டும். நாம் நொடிக்கு 20,000 அதிர்வு வரை கேட்கிறோம். நாய் 45,000 வரை. ஏழூர் முத்தாலம்மன் சப்பரத் திருவிழாவுக்கு வேட்டு வெடிக்கும் முன்பே உள்ளறையில் மின்விசிறியைச் சுழலவிட்டுப் படுக்கை போட்டு வையுங்கள். வெறிநாய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில் தொடங்கி ஆண்டுதோறும். மடியிலேயே வளர்கிறது என்பதால் விலக்கில்லை.

கடைசியாக ஒன்று. ஆண் நாய்கள் காலைத் தூக்கும் கோணத்தை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் படமெடுத்து அளந்து 2018-இல் வெளியிட்டார்கள். உடல் சிறிதாக இருந்தால் கால் அதிகக் கோணத்தில் உயர்கிறது. உயரத்தில் விழுந்த அடையாளம் பெரிய நாயுடையது என்று பின்னால் வருபவர் நினைத்துக்கொள்ள இடமுண்டு. நேருக்கு நேர் நிற்காமலே செய்யும் மிரட்டல். ஆகவே சுவரைக் கழுவும்போது நாயின் உயரத்தோடு நிறுத்திவிடாதீர்கள்; இன்னும் கொஞ்சம் மேலேயும் தேய்க்க வேண்டியிருக்கும்.