பழைய பிராண்டட் கம்ப்யூட்டரில் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது?

வடசேரியிலோ மார்த்தாண்டத்திலோ திங்கள்நகரிலோ ஒரு டி.டி.பி. கடைக்குள் எட்டிப் பாருங்கள். மேசைக்கு அடியில் கறுப்பாக ஒரு பெட்டி நிற்கும். டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்.பி. எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர், இவற்றில் ஒன்றாக இருக்கும். ஏதோ ஒரு பெருநகர அலுவலகத்தில் சில ஆண்டுகள் உழைத்து, அங்கே கழித்துவிடப்பட்டு, செகண்ட்ஸ் வியாபாரி வழியாகக் குமரி மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தது அது. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடை, கோயில் அலுவலகம், பிள்ளைகள் படிக்கிற வீடு என்று எல்லா இடத்திலும் இதன் கூடப்பிறப்புகள் உண்டு. உறுதியான பெட்டிதான். ஆனால் இப்போது சர்வீஸ் கடையில் காதில் விழுவது ஒரே புலம்பல்: "சிஸ்டம் ஓட மாட்டேங்கு மக்கா, ஒரே இழுவை. ஃபார்மட் அடிச்சுத் தாறியா?"

ஃபார்மட் அடித்தால் ஒரு மாதம் நன்றாக ஓடும், பிறகு பழைய இழுவைதான். எதை மாற்றினால் போட்ட காசுக்குப் பலன், எந்த இடத்தில் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

முதலில் உங்கள் பெட்டி எந்தத் தலைமுறை என்று தெரிய வேண்டும். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போனால் பிராசசரின் பெயர் தெரியும். இன்டெல் ஐ5-3470 என்றிருந்தால் மூன்றாம் தலைமுறை, ஐ5-4570 என்றால் நான்காம் தலைமுறை, ஐ5-8500 என்றால் எட்டு. கோட்டுக்குப் பின்னால் வரும் நான்கு இலக்க எண்ணின் முதல் இலக்கம்தான் தலைமுறை. பெட்டியின் மாடல் பெயரை மட்டும் நம்பிவிடாதீர்கள். டெல் நிறுவனம் ஆப்டிபிளெக்ஸ் 7010 என்ற பெயரில் 2012-இல் ஒரு மாடல் விட்டது. அதே பெயரில் 2023-இல் இன்னொன்றும் விட்டது. இரண்டுக்கும் நடுவே பத்துத் தலைமுறை இடைவெளி. "7010 இருக்கு" என்று ஒருவர் விலை பேசினால், எந்த 7010 என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

டாஸ்க் மேனேஜரில் அப்படியே டிஸ்க் வரியையும் பாருங்கள். ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதே 100 சதவீதத்தில் ஏறி நின்றால் வியாதி எங்கே என்று தெரிந்துவிட்டது. ஹார்டு டிஸ்க்குக்குள்ளே தகடு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு எட்டு மில்லி செகண்டுக்குக் கொஞ்சம் மேல். கேட்ட தகவல், அதைப் படிக்கிற முள்ளுக்கு அடியில் வந்து சேர சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். முள் சரியான தடத்துக்கு நகர்வதற்கும் நேரம் தனி. இரண்டும் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு மில்லி செகண்ட் ஆகிவிடும். அதாவது ஒரு நொடியில் நூறு துண்டுத் தகவலைப் பொறுக்கினாலே பெரிது. விண்டோஸ் எழும்பி வருவதற்குள் பல ஆயிரம் துண்டுகளைக் கேட்கும். கோட்டாறு மொத்தக் கடையில் நீளமான சிட்டையை ஒற்றைப் பையனிடம் கொடுத்து, ஒவ்வொரு சாமானாக உள்ளே போய் எடுத்துவரச் சொல்வது மாதிரி. எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவதும் இல்லை, முள்ளும் இல்லை. ஒரு துண்டு பத்தில் ஒரு மில்லி செகண்டுக்குள் கைக்கு வந்துவிடும். பிராசசரை மாற்றாமலே பெட்டி புதிதானதுபோல் தோன்றுவதற்கு இதுதான் காரணம்.

வாங்க வேண்டியது 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. இப்போது பிரபலமாக இருக்கும் சூயிங்கம் பட்டை போன்ற என்.வி.எம்.இ. வகை வேண்டாம். நான்காம் தலைமுறை வரையுள்ள போர்டுகளில் அதற்கு இடமில்லை. அடாப்டர் வைத்துச் செருகினாலும் பயாஸுக்கு அதிலிருந்து விண்டோஸைத் தொடங்கத் தெரியாது. கொள்ளளவு 240 அல்லது 256 ஜி.பி. போதும். படம், வீடியோ எல்லாம் பழைய டிஸ்க்கிலேயே கிடக்கட்டும். அந்த டிஸ்க் உடல்நலத்தோடு இருக்கிறதா என்பதை மட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள் நிறம் காட்டினால் அன்றைக்கே பைல்களை வேறு இடத்துக்குப் பிரதி எடுத்துவிட வேண்டும். நாளைக்கு என்று தள்ளினால் சங்கடம்தான்.

அடுத்தது ரேம். 4 ஜி.பி. இருந்தால் அதை 8 ஆக்குங்கள். போட்டோஷாப் வேலை உண்டு என்றால் 16. மூன்றாம், நான்காம் தலைமுறைப் பெட்டிகளில் டி.டி.ஆர்.3 வகைதான் பொருந்தும். டி.டி.ஆர்.4-இன் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் அது உள்ளேயே இறங்காது, அமுக்கிப் பார்க்காதீர்கள். ஆப்டிபிளெக்ஸ் 9020-இல் நான்கு ஸ்லாட், அதிகபட்சம் 32 ஜி.பி.; 3020-இல் இரண்டே ஸ்லாட், 16 ஜி.பி. ஒற்றைக் குச்சியாகப் போடுவதைவிட ஒரே அளவில் இரண்டாகப் போட்டால் இரு வழியாகவும் தகவல் ஓடும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத பெட்டிகளில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும், படத்துக்கும் அதே ரேமைத்தான் அவை பயன்படுத்துகின்றன என்பதால்.

இங்கே இரண்டு பொறிகள். ஆன்லைனில் மிக மலிவாகக் கிடைக்கும் சில டி.டி.ஆர்.3 குச்சிகள் ஏ.எம்.டி. போர்டுகளுக்கு மட்டுமே சரிப்படும். இன்டெல்லில் போட்டால் பீப் சத்தம்தான் வரும். சில, சர்வரிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு இ.சி.சி. வகை. அவையும் வேலை செய்யாது. இன்னொன்று, ரேம் ஏற்றிய பிறகும் 3 ஜி.பி. சொச்சம்தான் காட்டுகிறது என்றால் உங்கள் விண்டோஸ் 32 பிட். 64 பிட் போட்டால்தான் மீதி கண்ணுக்குத் தெரியும். 2025 கடைசியிலிருந்து ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால் ரேம் விலை உலகெங்கும் ஏறிக் கிடக்கிறது. நல்ல கடையில் செகண்ட்ஸ் ரேமைச் சோதித்து வாங்குவதில் தப்பே இல்லை. ரேம் சீக்கிரம் தேயும் பொருள் அல்ல.

எஸ்.எஸ்.டி., ரேம் இரண்டும் ஆயிற்றா? என் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இங்கேயே நின்றுவிடலாம். பணம் கரைவது அதற்கு மேல் மூன்றாவதாக எதையாவது மாற்றப் போகும்போதுதான்.

பிராண்டட் பெட்டியின் குணம் அசெம்பிள்டு மாதிரி அல்ல. அசெம்பிள்டில் மின்சாரம் தருகிற எஸ்.எம்.பி.எஸ். போனால் நாகர்கோவிலிலேயே ஏதாவது ஒன்றை வாங்கி மாட்டிவிடலாம். போர்டுக்குப் போகும் இணைப்பு எல்லாவற்றிலும் அதே 24 பின். ஆப்டிபிளெக்ஸ் 9020-இல் அது 8 பின். எலைட்டெஸ்க் 800 ஜி1-இல் 6 பின். திங்க்சென்டர் எம்93பி-யில் 14 பின். ஒன்று மற்றொன்றில் பொருந்தாது. 9020-இல் எஸ்.எம்.பி.எஸ். 12 வோல்ட்டை மட்டும் தருகிறது. டிஸ்க்குக்கு வேண்டிய 5 வோல்ட்டைப் போர்டே உண்டாக்கி வெளியே அனுப்புகிறது. அதனால்தான் இந்தப் பெட்டியைத் திறக்கிறவர்கள், டிஸ்க்குக்கான மின்சார ஒயர் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வராமல் போர்டிலிருந்து வருவதைக் கண்டு விழிக்கிறார்கள். எஸ்.எஸ்.டி.க்குத் தனி ஒயர் இல்லையென்றால் சாட்டா பவர் ஸ்ப்ளிட்டர் ஒன்று வாங்கினால் போதும். எஸ்.எஸ்.டி. மிகக் குறைந்த மின்சாரம் எடுப்பதால் பயமில்லை. மூன்று நான்கு ஹார்டு டிஸ்க்கை அதே ஒயரில் தொங்கவிடுவது வேறு விஷயம்.

மற்ற உறுப்புகளிலும் இதே பிடிவாதம் உண்டு. பல ஆப்டிபிளெக்ஸ்களில் பிராசசர் ஃபேனின் இணைப்பு 5 பின். கடையில் கிடைப்பது 4 பின். ஃபேனைக் காணவில்லை என்றால் பெட்டி ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். முன்பக்க பட்டனின் ஒயர்கூட அந்தக் கம்பெனி வைத்ததுதான். ஆகவே, "போர்டையும் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் மாத்திருவோம் அண்ணாச்சி, கேபினட் நல்ல கேபினட்தானே" என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். அந்தக் கேபினட்டுக்குள் வெளிப் போர்டு ஒழுங்காக உட்காராது.

கிராபிக்ஸ் கார்டு கேட்பவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பையன்கள். 9020 டவரின் எஸ்.எம்.பி.எஸ். 290 வாட், சின்ன பெட்டியினுடையது 255 வாட். கார்டுக்குத் தனியாக மின்சாரம் தரும் ஒயரும் கிடையாது. எனவே ஸ்லாட்டிலிருந்தே கிடைக்கும் 75 வாட்டுக்குள் அடங்குகிற கார்டு மட்டும்தான்: 30 வாட் ஜிடி 1030, அல்லது தனி ஒயர் கேட்காத ஜிடிஎக்ஸ் 1650. ஜிடி 1030-இல் ஜி.டி.டி.ஆர்.5 மெமரி உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். அதே பெயரில் டி.டி.ஆர்.4 போட்டு ஒன்று வருகிறது, அது மந்தம். சின்ன பெட்டிக்குக் குட்டையான கார்டு வேண்டும். பத்திரிகை அடிக்கிற கடைக்கு இது எதுவுமே தேவையில்லை.

பிராசசர் மாற்றம் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. இரண்டாம், மூன்றாம் தலைமுறைக்கு சாக்கெட் 1155, நான்காவதற்கு 1150. அந்த எல்லைக்குள் மட்டுமே மாற்ற முடியும். இரண்டு கோர் ஐ3-4130 இருக்கிற பெட்டியில் நான்கு கோர் ஐ5-4570 செகண்ட்ஸில் மலிவாகக் கிடைத்தால் போடலாம், பலன் தெரியும். ஆனால் ஐ3 எடுப்பது 54 வாட், ஐ5 எடுப்பது 84 வாட். சூடும் அதற்கேற்பக் கூடும். பழைய தெர்மல் பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும், முதலில் பயாஸையும் கம்பெனியின் கடைசிப் பதிப்புக்கு ஏற்றிவிட வேண்டும். ஐ5-இலிருந்து ஐ7-க்குப் போவதற்கு நான் காசு செலவழிக்கச் சொல்லமாட்டேன்.

ஏனென்றால் அந்தக் காசுக்கு மேலே ஒரு சுவர் நிற்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. வீட்டுப் பயனர்களுக்கு, பதிவு செய்துகொண்டால், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் என்று மைக்ரோசாப்ட் ஒரு நீட்டிப்பைக் கொடுத்தது. விண்டோஸ் 11-ஓ இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் இருந்தால்தான் முறைப்படி ஏறும். குறுக்கு வழியில் நான்காம் தலைமுறையிலும் ஏற்றித் தருகிறவர்கள் ஊரில் உண்டு, ஓடவும் செய்யும். ஆனால் அடுத்தடுத்த அப்டேட்டுக்கு யாரும் பொறுப்பில்லை. கோர் 2 டுயோ வைத்திருப்பவர்களுக்கு அந்தக் குறுக்கு வழியும் அடைபட்டுவிட்டது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்கு வேண்டிய கட்டளைகள் அந்த பிராசசரில் இல்லை.

விண்டோஸ்தான் வேண்டும் என்றில்லாத வீட்டுக்கு லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு நல்ல வழி. களியக்காவிளையைத் தாண்டிவிட்டால் கேரள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் படிப்பதே கைட் என்ற கல்வித் தொழில்நுட்ப அமைப்பின் லினக்ஸில்தான், அதனால் இது ஏதோ வல்லுநர்களின் சமாச்சாரம் என்று ஒதுங்க வேண்டாம். பேஜ்மேக்கர் 7-ஐயும் பாமினி எழுத்துருவையும் நம்பிப் பிழைக்கும் கடைக்காரர் கதை வேறு. 2001-இல் வந்த அந்த மென்பொருளுக்காகப் பழைய விண்டோஸை வைத்திருக்கத்தான் வேண்டும் என்றால், அந்தப் பெட்டியை இன்டர்நெட்டிலிருந்து கழற்றிவிட்டு அச்சு வேலைக்கு மட்டும் ஓட்டுங்கள். பேங்க் வேலை அதில் கூடாது. விண்டோஸ் 11 கட்டாயம் வேண்டுமென்றால், பழையதில் கொட்டுவதை நிறுத்திவிட்டு எட்டாம் தலைமுறை செகண்ட்ஸ் பெட்டியாகத் தேடுங்கள்: ஆப்டிபிளெக்ஸ் 3060, 7060, எலைட்டெஸ்க் 800 ஜி4, திங்க்சென்டர் எம்720 போன்றவை. பழையதில் போட்ட எஸ்.எஸ்.டி. அதிலும் பொருந்தும். டி.டி.ஆர்.3 ரேம் பொருந்தாது.

எந்த உறுப்பை மாற்றினாலும், நம் ஊருக்கே உரிய இரண்டு எதிரிகளைச் சமாளிக்காவிட்டால் எல்லாம் வீண். முதலாவது உப்புக்காற்று. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி பக்கம் பெட்டியைத் திறந்தால் ஸ்க்ரூ தலை துருவேறியிருக்கும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் வேறு. காற்றில் ஈரம் குறைவதே இல்லை. சிஸ்டம் ஆன் ஆகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை என்றால் போர்டு போய்விட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்து, ரேமைக் கழற்றி, அதன் தங்கநிறப் பற்களைப் பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துத் திரும்பப் போடுங்கள். பல நேரம் அதிலேயே உயிர் வந்துவிடும். தேதி அடிக்கடி பின்னால் போய், இணையதளங்கள் எல்லாம் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டினால், போர்டில் உள்ள சி.ஆர்.2032 பட்டன் பேட்டரியை மாற்றினால் தீரும். குடும்பம் வளைகுடாவில் இருக்க, மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டுக் கம்ப்யூட்டரை வந்த அன்றே ஆன் செய்ய வேண்டாம். திறந்து, எறும்புக் கூடும் பல்லியும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் குடியிருக்கவில்லை என்று பார்த்துவிட்டு, ஈரம் காயவிட்டு அப்புறம் போடுங்கள்.

இரண்டாவது இடி. கோடைமழையிலும் ஐப்பசியிலும் சாயங்காலம் வெட்டுகிற மின்னலில் சர்வீஸ் கடைகளுக்கு வேலை கூடும். மூன்று பின் பிளக்கில் எர்த் பின் சும்மா தொங்குகிற வீடுகள் இங்கே ஏராளம். முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். இடி வரும்போது பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது. கேபிள் டி.வி. ஒயர் வழியாக வருகிற இன்டர்நெட் என்றால் அந்த ஒயரையும் லேன் கேபிளையும் கழற்ற வேண்டும். ஃபைபரின் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் மோடத்துக்கு வருகிற அடாப்டர் ஒயர் கடத்தும். 600 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்று இந்தப் பெட்டிகளுக்குப் போதுமானது, பேட்டரியை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கரன்ட் போகிற நொடியில் யு.பி.எஸ். இருந்தும் பெட்டி அணைந்துவிட்டால், பேட்டரி நன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது நன்றாக இருந்தும் அணைகிறது என்றால் மலிவு யு.பி.எஸ்.ஸின் சதுர அலை அந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு ஒத்துவரவில்லை என்று பொருள். அப்போது சைன் வேவ் வகையைக் கேளுங்கள்.

கழற்றிய ஹார்டு டிஸ்க்கைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். ஆதார் நகல், பாஸ்புக் ஸ்கேன், வாடிக்கையாளரின் போட்டோ எல்லாம் அதில் இருக்கும். வெறும் ஃபார்மட் அடித்தால் அவை அழிவதில்லை, திரும்ப எடுத்துவிடலாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ நீலநிறத்தில் ஆரோக்கியம் காட்டினால் 3.5 அங்குல யு.எஸ்.பி. கேஸ் ஒன்று வாங்கி, மாதம் ஒருமுறை பேக்கப் எடுக்கிற டிஸ்க்காக வைத்துக்கொள்ளலாம். அதுவும் வேலைக்கு ஆகாது என்றால், முழு டிஸ்க்கிலும் பூஜ்யத்தை எழுதி அழிக்கச் சொல்லிவிட்டு, ஆக்ரிக்காரரிடம் போடாமல் அங்கீகாரம் பெற்ற மின்கழிவு நிறுவனத்துக்கே கொடுங்கள்.