புதுமனைக்குக் குடிபுகும் நாள்

தமிழில் 'குடி' என்பது பொருள் செறிந்த சொல். வீட்டிற்கும் குடி என்று பெயர். அவ்வீட்டில் வாழும் குடும்பத்திற்கும் குடி என்று பெயர். தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வரும் மரபிற்கும் அதுவே பெயர். ஆதலால், குடிபெயர்தல் என்பது பெட்டி படுக்கைகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுபோவதோடு முடிந்துவிடுவதில்லை. ஒரு குடும்பத்தின் வாழ்வு முழுவதும் ஒரே நாளில் தெருவுக்கு வந்து, மீண்டும் ஒரு கூரையின்கீழ்ச் சென்று அமைகிறது. அந்த ஒரு நாளுக்கு எவ்வாறு ஆயத்தம் செய்துகொள்வது என்பதைப் பற்றி உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன். "வீடு வாங்குவதும் மாறுவதும் பெரியவர்கள் காரியம், மாணவர்களாகிய எங்களுக்கு இதில் என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடையாக, என் வீட்டில் நிகழ்ந்த ஒன்றை முதலில் சொல்லுகிறேன்.

1968ஆம் ஆண்டு, ஆனி மாதம். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. திருச்சிராப்பள்ளி உறையூரில் வாடகைக்குக் குடியிருந்த என் தந்தையார், பலரிடம் கடன்பட்டுத் திருவரங்கத்தில் சிறிய ஓட்டு வீடு ஒன்றை வாங்கினார். ஆடி பிறந்துவிட்டால் வீடு மாறும் வழக்கமில்லை. ஆகவே மாதம் முடிவதற்குள் சென்றுவிட வேண்டும் என்று அவசரம். இரண்டு மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு காவிரிப் பாலத்தைக் கடந்தோம். என் தமையனார் அவ்வாண்டுதான் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் தேறியிருந்தார். அந்நாளில் அத்தேர்வின் சான்று ஒற்றைத் தாளாக இராது. சிறு புத்தகமாக இருக்கும். கல்லூரியில் புகுமுக வகுப்பில் சேர்வதற்கு அதுவே திறவுகோல். அதைப் பத்திரப்படுத்த எண்ணிய தமையனார், தம் பாடப் புத்தகங்களுக்கு நடுவே செருகி, ஒரு சாக்கில் கட்டி வைத்தார். அந்தச் சாக்கு, பழைய செய்தித்தாள் மூட்டைகளோடு கொல்லைத் தாழ்வாரத்திலேயே தங்கிவிட்டது. மறுநாள் ஓடிப்போய்ப் பார்த்தபோது தாழ்வாரம் துப்புரவாகப் பெருக்கப்பட்டிருந்தது. பழைய காகிதம் வாங்குபவர் எல்லாவற்றையும் எடைக்கு எடுத்துச் சென்றுவிட்டார். அதன் பிறகு நேர்ந்ததைப் பின்னர்க் கூறுகிறேன்.

குடிபுகும் நாளுக்குரிய ஆயத்தம், சாமான் கட்டுவதில் தொடங்குவதன்று, பத்திரங்களில் தொடங்குகிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை, பதிவு செய்யப்பட்ட பத்திரத்தின் வழியாகவே நிறைவேறும் என்று விதிக்கிறது. வேறு உடன்பாடு இல்லாதபோது, விற்ற நாள்வரை அச்சொத்தின்மேல் சேர்ந்த வரிகளைச் செலுத்துவது விற்பவரின் கடமை என்றும், முழு விலையும் பெற்றபின் மூலப் பத்திரங்களை வாங்கியவரிடம் ஒப்படைப்பது அவர் பொறுப்பு என்றும் அதே சட்டம் கூறுகிறது. ஆகவே, வண்டிக்குச் சொல்லுமுன் சரிபார்க்க வேண்டியவை நான்கு: கிரயப் பத்திரம் பதிவாகிவிட்டதா, மூலப் பத்திரங்கள் கைக்கு வந்தனவா, வீட்டு வரியும் மின் கட்டணமும் பாக்கியின்றிச் செலுத்தப்பட்டனவா, திறவுகோல்கள் எல்லாம் கொடுக்கப்பட்டனவா. மின் அளவியில் அன்று காட்டும் எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் எழக்கூடிய பல வழக்குகளை அந்த ஓர் எண் தீர்த்துவிடும்.

அடுத்து, வெறும் வீட்டை ஒருமுறை ஆராய வேண்டும். சாமான்கள் வந்து நிறைந்துவிட்டால் சுவரின் ஈரமும் தரையின் வெடிப்பும் கண்ணுக்குப் படா. குழாய்களைத் திறந்து பார்க்க வேண்டும். சாக்கடை வாய் ஒவ்வொன்றிலும் ஒரு குடம் நீர் ஊற்றி, அது தடையின்றி இறங்குகிறதா என்று காண வேண்டும். விளக்குகளைப் போட்டுப் பார்க்க வேண்டும். நீர்த்தொட்டி கழுவுதல், வெள்ளையடித்தல், பூட்டு மாற்றுதல் ஆகியவையும் வீடு காலியாக இருக்கும்போதே முடிய வேண்டியவை. புதுமனையில் முதலில் பால் காய்ச்சும் வழக்கம் நம் நாட்டில் உண்டு. விளக்கும் உப்பும் அரிசியும் நிறைகுடமும் கொண்டு நுழைந்து, அடுப்பு மூட்டிப் பால் பொங்கவைக்கிறோம். இது மங்கல வழக்கு. அதனோடு ஒரு பயனும் இருக்கிறதென்று எனக்குத் தோன்றுவதுண்டு. பால் காய வேண்டுமானால் அடுப்பு எரிய வேண்டும், நீர் வர வேண்டும், புகை வெளியேற வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அன்றே தெரிந்துவிடும். ஆகவே, பால் காய்ச்சும் நாளையும் சாமான் ஏற்றும் நாளையும் ஒன்றாக்காமல், இடையில் சில நாள் விடுவது நன்று. கண்ட குறையைத் திருத்த அவகாசம் கிடைக்கும்.

மூன்றாவது, அளவெடுத்தல். சென்ற ஆண்டு என் மகன் தாம்பரத்தில் அடுக்குமாடி வீடு ஒன்றை வாங்கினான். எங்கள் இரும்புப் பீரோவின் உயரம் 78 அங்குலம். அதன் ஆழம் 19 அங்குலம். அதை வைக்க நினைத்த இடத்தில் பரணின் அடிப்பாகம் தரையிலிருந்து 80 அங்குல உயரத்தில் இருந்தது. "இரண்டு அங்குலம் மிச்சம் இருக்கிறதே, தாராளமாய் நிற்கும்" என்றான் மகன். பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் பேத்தி ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டாள். படுக்கவைத்த பீரோவை நிமிர்த்தும்போது, இடையில் ஒரு கணம் அதன் மூலைவிட்டம் செங்குத்தாக நிற்கும். 78இன் வர்க்கம் 6084; 19இன் வர்க்கம் 361; இரண்டின் கூட்டுத்தொகை 6445; அதன் வர்க்கமூலம் 80க்குச் சற்று மேல். ஆகவே, பரணின்கீழ் அந்தப் பீரோ நிற்கும். ஆனால் பரணின்கீழ் அதை நிமிர்த்த முடியாது! கூடத்திலேயே நிமிர்த்தி, நின்றபடியே நகர்த்திச் சென்று உள்ளே சேர்த்தோம். பள்ளியில் படிக்கும் பிதாகரசு தேற்றம் பீரோவிற்கும் பயன்படும் என்பதை அன்று சுமை தூக்குவோரும் கண்டு மகிழ்ந்தனர்.

இனி, கட்டும் முறை. எடை மிகுந்தவற்றைச் சிறிய பெட்டியிலும், எடை குறைந்தவற்றைப் பெரிய பெட்டியிலும் இடுவது முதல் விதி. ஒரு கன அடிப் பெட்டியில் புத்தகங்களை நெருக்கி அடுக்கினால், அதன் எடை ஏறக்குறைய 20 கிலோ ஆகிவிடும். பெரிய பெட்டியில் புத்தகம் நிரப்பினால், ஒன்று பெட்டியின் அடி பிரியும். அன்றேல் தூக்குபவரின் இடுப்பு பிடித்துக்கொள்ளும். பீங்கான் தட்டுகளைக் கிடையாக அடுக்காமல், புத்தகங்களைப் போல விளிம்பில் நிறுத்தி வைக்க வேண்டும். கிடையாக அடுக்கினால் மேல் தட்டுகளின் பாரம் முழுவதும் அடித்தட்டின் மீது இறங்கும். கண்ணாடிப் பொருளை உடைப்பது பெரும்பாலும் இடைவெளியே. அக்காலத்தில் வைக்கோல் அடைத்தோம். இக்காலத்தில் கசக்கிய காகிதம் அடைக்கிறோம். குளிர்பதனப் பெட்டியை முதல் நாளே காலி செய்து, பனி உருகி வடிந்தபின் நின்ற நிலையிலேயே கொண்டுசெல்ல வேண்டும். வழியில் சாய்க்க நேர்ந்தால் அதன் இயந்திரத்திலுள்ள எண்ணெய் குழாய்களில் ஏறிவிடும். அது இறங்கும்வரை சில மணி நேரம் நிறுத்திவைத்த பின்னரே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

ஒவ்வொரு பெட்டியிலும் எண் எழுதி, அவ்வெண்ணுக்கு நேரே உள்ளிருக்கும் பொருளையும் அது போய்ச் சேரவேண்டிய அறையையும் ஒரு குறிப்பேட்டில் பதிந்துகொள்ள வேண்டும். மாணவர்கள் ஏற்பதற்கு மிகவும் ஏற்ற பணி இதுவே. ஏற்றும்போது ஒருவர் எண்ணைப் படிக்க, மற்றவர் குறியிட வேண்டும்; இறக்கும்போதும் அவ்வாறே. நாற்பது பெட்டி ஏறி முப்பத்தொன்பது இறங்கினால், வண்டி தெருமுனையைத் தாண்டுமுன் அது தெரிந்துவிடும். வண்டியில் கடைசியாக ஏற்றியதே முதலில் இறங்கும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். அன்றிரவுக்கு வேண்டிய பாய், தலையணை, இரண்டு பாத்திரம், துடைப்பம், வாளி ஆகியவை கடைசியில் ஏற வேண்டும். புறப்படுமுன், பழைய வீட்டின் பரண், மாடக்குழி, கொல்லை, கதவின் பின்புறம் ஆகியவற்றை ஒருவர் தனியே சுற்றிப் பார்த்துவர வேண்டும். 1968இல் எங்கள் வீட்டில் அப்படிப் பார்த்துவர ஒருவரும் இல்லை.

முதியோரைப் பற்றியும் ஒரு சொல். என் அன்னையார் திருவரங்கத்து வீட்டிற்கு வந்த பல நாள்வரை இரவில் விழித்தெழுந்து, உறையூர் வீட்டின் வாயில் இருந்த திசையை நோக்கி நடந்து சுவரில் முட்டிக்கொள்வார். உடம்பு பழைய வீட்டை எளிதில் மறப்பதில்லை. ஆகவே, முதலில் ஒழுங்குபடுத்த வேண்டிய இடம் வீட்டுப் பெரியவர்களின் மூலையே. கட்டிலைப் பழைய வீட்டில் இருந்த திசையிலேயே போட்டு, இரவு விளக்கு ஒன்றை வைத்து, குளியலறைக்குச் செல்லும் வழியில் பெட்டி எதுவும் கிடவாமல் செய்துவிட வேண்டும்.

குடிபுகுந்தபின்னும் சில கடமைகள் உண்டு. பட்டாவிலும் வீட்டு வரியிலும் மின் இணைப்பிலும் பெயர் மாற்ற வேண்டும். குடும்ப அட்டையிலும் ஆதாரிலும் முகவரி திருத்த வேண்டும். வாக்காளர் பட்டியலில் இடமாற்றத்திற்குப் படிவம் 8 தர வேண்டும். பழைய முகவரிக்கு வரும் கடிதங்களைத் திருப்பி அனுப்புமாறு அஞ்சலகத்தில் எழுதிக் கொடுக்கலாம்.

எல்லாவற்றிற்கும் மேலாக, வண்டியில் ஏறக்கூடாத பை ஒன்று உண்டு. பத்திரங்கள், பள்ளி கல்லூரிச் சான்றிதழ்கள், மருந்து, மூக்குக்கண்ணாடி, நகை, பணம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். அது ஒருவர் கையிலேயே வர வேண்டும். அந்த ஒருவர் யார் என்பது முதல் நாளே முடிவாகியிருக்க வேண்டும். 2015இல் அரசு தொடங்கிய டிஜிலாக்கர் என்னும் மின்பெட்டகத்தில் இன்று பல சான்றுகளை வைத்துக்கொள்ளலாம். எனினும், சேர்க்கையின்போது மூலச் சான்றிதழ் எங்கே என்று கேட்கும் நிலை இன்னும் முற்றும் நீங்கிவிடவில்லை.

என் தமையனார் மறுபிரதி கேட்டு விண்ணப்பித்தார். அது கைக்கு வருவதற்குள் கல்லூரிச் சேர்க்கை முடிந்துவிட்டது. "ஓர் ஆண்டுதானே" என்று சொல்லி ஒரு துணிக்கடையில் கணக்கெழுதச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு சேர்க்கை தொடங்கியபோது, வீட்டுக் கடனின் தவணைக்கு அவருடைய சம்பளம் இன்றியமையாததாகிவிட்டிருந்தது. அவர் கல்லூரிக்குச் செல்லவே இல்லை. நான் சென்றேன், அவர் சம்பளத்தில் சென்றேன்.

எழுபது வயதைக் கடந்த அவர், சென்ற ஆண்டு தாம்பரத்திற்கு வந்து, கேளாமலேயே அந்தப் பையை வாங்கிக்கொண்டார். காலை முதல் மாலைவரை அதை மடியிலிருந்து இறக்கவில்லை. "பெரிய தாத்தா, காப்பி குடிப்பதற்காவது கீழே வையுங்களேன்" என்றாள் என் பேத்தி. "உன் அலமாரி எது என்று காட்டு, அம்மா, உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுக் குடிக்கிறேன்" என்றார். அவள் அலமாரியைக் காட்டினாள்; அவர் பூட்டினார்; திறவுகோலை அவள் கையில் கொடுத்த பின்னரே காப்பியைத் தொட்டார்.

மாணவர்களே, உங்கள் வீட்டில் இப்போது குடிபெயரும் எண்ணம் இல்லாமல் இருக்கலாம். ஆயினும், உங்கள் சான்றிதழ்கள் எந்த இடத்தில் இருக்கின்றன என்று இன்றிரவே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.