‘எந்தத் தெரு?’ என்று கேட்கும் முன்

பட்டயப் படிப்புகளுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் நெருங்குகிறது. பள்ளி ஆற்றுப்படுத்துநர் வேலையைப் பற்றி வாசகர் கடிதங்கள் குவிகின்றன. கோச்சடையிலிருந்து ஒருவர் கேட்கிறார்: “பல பண்பாட்டுப் புரிதல் என்று ஒரு தாள் இருக்கிறதே, உள்ளூரிலேயே வேலை பார்க்கப்போகிறவருக்கு அது எதற்கு?”

உள்ளூர்க்காரருக்குத்தான் அது முதலில் தேவை.

கையேடுகளில் பண்பாடு என்றால் மொழி, உணவு, திருவிழா. நம் பள்ளிகளில் அதன் பெயர் சாதி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் 2 மாணவரையும் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவரோடு படித்த மாணவர்கள். அதன்பின் அமைந்த நீதிபதி கே.சந்துரு குழு, சாதியைக் காட்டும் வண்ணக் கைக்கயிறுகளுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2024 ஜூனில் அறிக்கை தந்தது.

கயிற்றை அவிழ்த்துவிடலாம். “எந்த ஊரு, எந்தத் தெரு?” என்ற கேள்வியை என்ன செய்வது? நம் பக்கம் அதற்குப் பதில் சொன்னாலே சாதி தெரிந்துவிடும். சொல்லிவிட்டுப் பிள்ளை எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்கும். அங்கே ஒரு சின்ன மாற்றம் தெரிந்தால் போதும், அப்புறம் வாய் திறக்காது.

விளிம்புநிலை மாணவர்களைப் பாகுபாடின்றி அணுகக் கல்வி நிறுவன ஊழியர்களைப் பழக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. ‘பயிற்சி முடிந்தது’ என்று கோப்பில் எழுத வருகைப் பதிவேட்டில் கையெழுத்து போதும். உள்ளே இருக்கும் பார்வை அதனால் மாறாது.

மாறும் வழியை ஒரு நீதிபதி காட்டியிருக்கிறார். 2021இல் மதுரையைச் சேர்ந்த இரு பெண்கள், தங்கள் உறவைக் குடும்பத்தார் எதிர்த்ததால் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். தன்பாலின உறவு பற்றித் தனக்கே தெளிவில்லை என்று வெளிப்படையாகச் சொன்ன நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், உளவியலாளர் ஒருவரிடம் பாடம் கேட்டார். அதன் பிறகே ஜூன் 7 அன்று விரிவான உத்தரவு பிறப்பித்தார். பிறரைப் பற்றிப் படிப்பதற்கு முன் தன்னைப் படிப்பதுதான் இந்தப் பயிற்சியின் உயிர்.

மற்ற கேள்விகள்:

எந்தப் பள்ளிக்கு ஆற்றுப்படுத்துநர் கட்டாயம்? அதே உச்ச நீதிமன்ற வழிகாட்டுதலின்படி, 100 மாணவர்களோ அதற்கு மேலோ இருந்தால்.

அதற்குக் குறைவென்றால்? வெளியே உள்ள மனநல வல்லுநரோடு முறையான தொடர்பு வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் பயிற்சி உண்டா? உண்டு, ஆண்டுக்கு இருமுறை, அலுவலக ஊழியர்களுக்கும்.

அவசர உதவிக்கு? டெலி மானஸ், 14416.

விண்ணப்பிக்கும் முன் கல்லூரியில் ஒன்று கேளுங்கள்: “என் சாதிப் பார்வையை நானே சோதித்துப் பார்க்க இந்தப் படிப்பில் எத்தனை மணி நேரம்?” பதில் இல்லாத இடத்தில் பணத்தைக் கட்டாதீர்கள்.