ஜன்னல் வெளிச்சம் போதும்... ஃபேஷன் போட்டோகிராபி பழகலாம்!

ஃபேஷன் போட்டோகிராபி என்றதும் பெரிய ஸ்டுடியோ, குடை குடையாக லைட்டுகள், லட்ச ரூபாய் கேமரா என்று மனதில் ஒரு காட்சி ஓடும். 'நமக்கெல்லாம் எட்டாது' என்று ஆசையை அங்கேயே மடித்து வைத்துவிடுகிறவர்கள் உண்டு.

ஆனால், இந்தத் துறையின் ஜாம்பவான்களில் ஒருவரான இர்விங் பென், 1950-ல் பாரிஸில் 'வோக்' பத்திரிகைக்காக எடுத்த புகழ்பெற்ற படங்களுக்குப் பயன்படுத்தியது என்ன தெரியுமா? மாடி ஸ்டுடியோ ஒன்றில் விழுந்த பகல் வெளிச்சமும், பின்னணிக்கு ஒரு பழைய நாடகத் திரையும்தான்! நம் வீட்டிலும் ஜன்னல் இருக்கிறது. பீரோவில் பெட்ஷீட் இருக்கிறது. பிறகென்ன?

உடைதான் ஹீரோ

சாதாரண போர்ட்ரெய்ட்டில் முகம் முக்கியம். ஃபேஷன் படத்தில் உடை பேச வேண்டும். எனவே, கேமராவைத் தொடுவதற்கு முன் துணியைத் தொட்டுப் பாருங்கள். கஞ்சி போட்ட காட்டன் சேலைக்கு விறைப்பான மடிப்புதான் அழகு. ஷிஃபான் என்றால் காற்றில் அலைய வேண்டும். அணிந்திருப்பவரை நடக்கச் சொல்லுங்கள். பட்டு என்றால் ஜரிகை மின்னும் கோணத்தைத் தேடுங்கள்.

அயர்ன் செய்வதில் சோம்பல் வேண்டாம். சின்னச் சுருக்கம்கூட படத்தில் பளிச்சென்று தெரியும். குர்தா தொளதொளவென்று இருந்தால், முதுகுப் பக்கம் துணி கிளிப் போட்டு இழுத்துப் பிடியுங்கள். பெரிய ஷூட்டிங்குகளிலும் இதே வித்தைதான்.

வெளிச்சம் பக்கவாட்டில்

வெயில் நேரடியாக விழாத ஜன்னலைத் தேர்ந்தெடுங்கள். அதிலிருந்து மூன்று, நான்கு அடி தள்ளி, ஒரு பக்கமாக வெளிச்சம் விழும்படி ஆளை நிறுத்துங்கள். அப்போதுதான் நெசவும் எம்பிராய்டரியும் எடுப்பாகத் தெரியும். மறுபக்கம் நிழல் அதிகமானால், அங்கே ஒரு வெள்ளை தெர்மாகோல் அட்டையைப் பிடித்தால் போதும். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு வகை வெளிச்சம் கலந்தால் துணியின் நிறம் மாறித் தெரியும்.

போனே போதும்

முழு உருவத்தை எடுக்கும்போது போனை இடுப்பு அல்லது நெஞ்சு உயரத்தில் பிடியுங்கள். தலைக்கு மேலிருந்து எடுத்தால் ஆள் குள்ளமாகத் தெரிவார். மிக அருகில் போனால் மூக்கு பெரிதாகும். கொஞ்சம் பின்னால் வந்து, 2 மடங்கு ஜூமில் எடுங்கள். கேமரா வைத்திருப்பவர்களுக்கு 50 எம்.எம். லென்ஸ் நல்ல தொடக்கம். நடப்பவரை எடுக்க, ஷட்டர் வேகம் 1/500 நொடியில் இருக்கட்டும்.

நிறத்தில் கைவைக்காதீர்கள்

பல போன்களில் இருக்கும் 'பியூட்டி மோடு', முகத்தை வெளுப்பாக்கி வழுவழுவென்று மாற்றிவிடும். முதலில் அதை அணையுங்கள். எடிட்டிங்கில் மொத்தப் படத்தையும் வெளுப்பாக்கினாலோ, அரக்குச் சேலை ரோஸ் ஆகிவிடும். படத்தைப் பார்த்து வாங்குகிறவர் ஏமாறுவார். அதைவிட முக்கியம், படத்தில் இருக்கும் மாநிறப் பெண் 'என் நிறம் போதாதோ' என்ற எண்ணத்தோடு வீட்டுக்குப் போவார். அந்த வலியைக் கொடுக்கும் படம், எவ்வளவு அழகாக இருந்தாலும் நல்ல படம் அல்ல.

நம்பிக்கைதான் முதலீடு

முதலில் அக்கா, தம்பி, நண்பர்கள் என்று வீட்டு வட்டத்தில் பழகுங்கள். கை பழகியதும், ஏரியாவில் ஆரி ஒர்க் செய்யும் டெய்லர், ஃபேஷன் டிசைன் படிக்கும் மாணவர்கள் ஆகியோரைக் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்குப் படம் தேவை. உங்களுக்குப் பயிற்சி தேவை.

ஆனால், 'போர்ட்ஃபோலியோ எடுத்துத் தருகிறேன்' என்று சொல்லி ஏமாற்றுகிறவர்களும் இருப்பதால், பெண்ணை அனுப்பப் பெற்றோர் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. அதை மதித்து நடந்தால்தான் இந்தக் கலையில் நிலைக்க முடியும்.

* என்ன உடை, எந்த இடம், எவ்வளவு நேரம், படங்கள் எங்கே வெளியாகும் என்பதையெல்லாம் முன்பே எழுத்தில் பேசி முடியுங்கள். வாட்ஸ்அப் மெசேஜ்கூடப் போதும்.

* துணைக்கு ஒருவரை அழைத்துவரச் சொல்லுங்கள். 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால், பெற்றோரின் சம்மதம் இல்லாமல் கேமராவை எடுக்கவே எடுக்காதீர்கள்.

* உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள அறை கட்டாயம். கலைந்த முந்தானையை, உடன் வந்தவரே சரிசெய்யட்டும்.

* 'இந்தப் படம் வேண்டாம்' என்று அவர் சொன்னால், அவர் கண்முன்னே டெலிட் செய்துவிடுங்கள்.

படம் எடுத்துக்கொள்ளப் போகிறவர்களும் ஒன்றை நினைவில் வையுங்கள். தனியாக வரச் சொல்கிறார்களா, வாய்ப்பு வாங்கித் தருவதாக முன்பணம் கேட்கிறார்களா? யோசிக்காமல் மறுத்துவிடுங்கள்.

வாரம் ஒரு உடை

வாரத்துக்கு ஓர் உடையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முழு உருவம் ஒன்று, இடுப்பு வரை ஒன்று, துணியின் க்ளோஸ்-அப் ஒன்று என்று மூன்று படங்களைத் தேர்ந்தெடுங்கள். பத்து வாரங்களில் 30 படங்கள் சேரும். அவற்றில் சிறந்த பத்துதான் உங்கள் முதல் ஆல்பம்.

லைக் எண்ணிக்கையைப் பார்த்து மதிப்பெண் போட வேண்டாம். உங்கள் கேமரா முன் நின்றவர், தானாகவே வந்து 'அடுத்த ஷூட் எப்போ?' என்று கேட்கிறாரா? நீங்கள் சரியான பாதையில்தான் போகிறீர்கள்!